கறுப்புத் துணியில் ஒட்டும் வெள்ளைப் பஞ்சு

துவைத்துக் காய்ந்த கறுப்புப் பேண்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தால் எல்லோரும் முதலில் திட்டுவது வாஷிங் மிஷினைத்தான். அடுத்தபடியாகச் சோப்புத்தூளை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆடை பெட்டிக்குள் போவதற்கு முன் அதில் பிசிறு இருக்கிறதா, பஞ்சு ஒட்டியிருக்கிறதா, வேற்று நிற நூல் சிக்கியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அந்த மேசையில் கற்றுக்கொண்டதை வீட்டுத் துணிக்குப் பயன்படுத்திப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. மிஷின் பஞ்சை உண்டாக்குவதில்லை. கூடப் போட்ட துணிகளில் ஒன்று உதிர்க்கிறது, இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. எது உதிர்க்கும், எது வாங்கும் என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

நூல் என்பது ஒரே இழை அல்ல. விரல் நீளம்கூட இல்லாத ஆயிரக்கணக்கான பஞ்சு இழைகளை முறுக்கித்தான் நூல் ஆகிறது. இழை நீளமாக இருந்தால் முறுக்குக்குள் நன்றாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். குட்டையான இழைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துணியோடு துணி உரசும்போது அந்த முனை இழுபட்டு, கடைசியில் கழன்று வந்துவிடும். கறுப்புப் பேண்டில் நாம் பார்ப்பது அதைத்தான்.

ஆகவே நூற்பாலையிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. எங்கள் ஊரில் நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் கோம்டு என்ன விலை, செமி கோம்டு என்ன விலை என்றுதான் பேசுவார்கள். கோம்டு நூலுக்குப் பஞ்சைச் சீப்பு போன்ற இயந்திரத்தில் சீவி, குட்டை இழைகளை வெளியே தள்ளிவிடுவார்கள். 100 கிலோ பஞ்சில் 15 கிலோ அளவுக்கு அப்படிக் கழிந்துபோகும். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கழிவும், திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுத் துணியும் வீணாவதில்லை. பல்லடம், சோமனூர், உடுமலைப் பக்கங்களில் உள்ள கழிவுப் பஞ்சு நூற்பாலைகளுக்குப் போய், மறுபடியும் நூலாகித் துண்டு, மிதியடி, போர்வை, தரை துடைக்கும் துணி என்று திரும்பி வருகின்றன. ஒரு நூலைக்கூடக் குப்பைக்கு அனுப்பாத இந்தத் தொழிலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை நூலாக இருந்து, கிழிபட்டுப் பஞ்சான இழை குட்டையாகத்தான் இருக்கும். அதில் செய்த துண்டு உதிர்க்கத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால், தெரிந்துகொண்டு துவைக்கலாம்.

பருத்தி ரகத்தையும் சொல்ல வேண்டும். 1970களில் கோவையில் உருவான சுவின் பருத்தியின் இழை 38 மில்லிமீட்டருக்குக் குறையாது என்பார்கள். நாட்டின் மிக நீண்ட இழைப் பருத்திகளில் அது ஒன்று. அத்தகைய நீண்ட இழைப் பஞ்சில் நூற்ற துணி மொழுமொழுவென்று இருக்கும். பல வருடம் துவைத்தாலும் மேலே முடி எழும்பாது. அந்த விலைக்கு எல்லோரும் வாங்க முடியாது. கடையில் துணியைப் பார்க்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். துணியின் ஓரத்தில் மெல்லிய முடி அடர்த்தியாகத் தெரிந்தால் அது உதிர்க்கிற துணி. பின்னல் துணியானால் ‘பயோ வாஷ்’ செய்ததா என்று கேட்கலாம். சாயப்பட்டறையில் நொதி கலந்த நீரில் துணியை ஓட்டி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழை முனைகளைக் கரைத்துவிடும் முறை அது. செய்த துணிக்கும் செய்யாத துணிக்கும் கை வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

புதுத் துணி ஏன் முதல் சில துவைப்பில் அதிகமாக உதிர்க்கிறது என்பதற்கு விடை எனக்குச் சென்னிமலையில் கிடைத்தது. அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, வீடு அங்கே. அம்மாயி காலத்தில் பாவு எனப்படும் நீளவாட்டு நூல்களைத் தெருவில் விரித்துக் கட்டி, கஞ்சி போட்டு, பெரிய பிரஷ்ஷால் ஒரே திசையில் நீவிக்கொண்டே போவார்கள். விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். எதற்கு இத்தனை பாடு என்று கேட்டதற்கு, “கஞ்சி இல்லாத பாவு தறியில் நிற்காது கண்ணு, முடி எழும்பி அறுந்துவிடும்” என்று அம்மாயி சொல்லியிருக்கிறார். தறியில் பாவு நூல், தான் நுழைந்து போகும் விழுது, அச்சு என்ற பாகங்களோடு ஓயாமல் உரசுகிறது. நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழை முனைகளைக் கஞ்சி படிய வைத்து ஒட்டிவிடும். விசைத்தறிக்கும் இதே கதைதான்; அங்கே கஞ்சி போடும் வேலையை இயந்திரம் செய்கிறது.

கடையிலிருந்து வரும் பெட்ஷீட்டில் அந்தக் கஞ்சி கொஞ்சமாவது மிச்சமிருக்கும். முதல் துவைப்பில் அது கரைந்து போகும்போது, அதுவரை படிந்திருந்த முனைகளெல்லாம் எழுந்து நிற்கும். நெய்யும்போது துணியில் சிக்கிய பஞ்சும் அப்போதுதான் வெளியேறும். அதனால்தான் புதுப் பெட்ஷீட், புதுத் துண்டு இரண்டையும் மூன்று நான்கு துவைப்புக்காவது தனியாகவே துவைக்க வேண்டும் என்கிறேன். சாயம் போகுமே என்று பயந்து சிவப்பையும் நீலத்தையும் எல்லோரும் தனியாகத் துவைக்கிறார்கள். வெள்ளையில் என்ன இருக்கிறது என்று புது வெள்ளைத் துண்டைத் தைரியமாக மற்றவற்றோடு போட்டுவிடுகிறார்கள். பஞ்சு விஷயத்தில் அந்த வெள்ளைத் துண்டுதான் ஆபத்தானது.

பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் துவைத்தபின் கஞ்சி போடும் பழக்கம் குறைந்துவருவது எனக்கு வருத்தம். மடிப்பு நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் போடுகிறோம் என்று நினைக்கிறோம். தறியில் கஞ்சி செய்த அதே வேலையை அது வீட்டிலும் செய்கிறது. கஞ்சி போட்ட சேலை உடுத்தும்போது உரசலில் தேய்வது குறைவு. அடுத்த துவைப்பில் அழுக்கு கஞ்சியோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். வடித்த கஞ்சியை வடிகட்டி நீர்க்கப் போட்டால் போதும். துண்டுக்கு மட்டும் போடக் கூடாது, தண்ணீரை உறிஞ்சாது.

இனி வீட்டுத் துணிகளை எப்படிப் பிரிப்பது? நிறத்தை மட்டும் பார்த்துப் பிரிப்பது போதாது. என் வீட்டில் நான் முதலில் ஒதுக்குவது துண்டுகளை. பூப்பூவாக வளையம் எழும்பிய டர்கி டவலைப் போல உதிர்க்கிற துணி வேறில்லை. அதன் மேல்பரப்பு முழுவதும் தளர்வாக நிற்கும் நூல்தான். ஈரோட்டுத் துண்டு போன்ற தட்டையான நெசவுத் துண்டு அவ்வளவு உதிர்க்காது. அடுத்து ஒதுக்குவது போர்வை, மிதியடி, உள்பக்கம் பஞ்சு போல மெத்தென்று சுரண்டிவிட்ட குளிர்காலப் பனியன். இவை எல்லாம் உதிர்ப்பவை. இவற்றைச் சேர்த்துத் துவைத்தால் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

வாங்கிக்கொள்கிறவற்றில் முதலிடம் பாலியஸ்டர் கலந்த அடர்நிறத் துணிகளுக்கு. பள்ளிச் சீருடைப் பேண்ட், லெக்கிங்ஸ், டிராக் பேண்ட், வெல்வெட் எல்லாம் இந்த வகை. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. ஈரம் இல்லாத துணியில் உரசலால் உண்டாகும் மின்னேற்றம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். பக்கத்தில் பறக்கிற பஞ்சையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். மாசி, பங்குனியில் காற்று வறண்டிருக்கும்போது இந்தத் தொல்லை கூடுவதற்குக் காரணம் இதுதான். நூற்பாலைக்குள் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. நூல் அறுந்துபோகாமலும் பஞ்சு பறக்காமலும் இருக்க அங்கே காற்றிலேயே ஈரத்தைப் பாய்ச்சிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ரேயான். ஈரோட்டுச் சுற்றுவட்டார விசைத்தறிகளில் நெய்யப்படும் ரேயான் துணியில்தான் இன்று நம் வீட்டு நைட்டியும் குர்தியும் வருகின்றன. பருத்தி நனைந்தால் வலுக் கூடும். ரேயான் அதற்கு நேர்மாறு. நனைந்தால் வலுவில் பாதி அளவுக்குக்கூட இழந்துவிடும். அந்த நேரத்தில் ஜீன்ஸோடும் துண்டோடும் சேர்த்துச் சுழற்றினால் மேலே முடி எழும்பிவிடும். ரேயானைத் திருப்பிப் போட்டு, வலைப்பையில் வைத்து, மென்மையான சுற்றில் துவைப்பதுதான் நல்லது. கையால் துவைத்தால் பிரஷ் போடாமல் கசக்கி அலசினாலே போதும்.

ஒரு துணி உதிர்க்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், கறுப்புத் துணி ஒன்றை எடுத்து அதன் மேல் அழுத்திப் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். கறுப்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

துணிகளைத் திருப்பிப் போடுவது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் முறையாகச் செய்பவர்கள் குறைவு. அடர்நிறத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினால் ஒட்டுகிற பஞ்சு உள்ளே போய்விடும். அப்படித் திருப்பும்போதே பையைத் தடவிப் பார்த்துவிடலாம். பஸ் டிக்கெட், காகிதக் கைக்குட்டை, மளிகை ரசீது என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு காகிதக் கைக்குட்டை நனைந்து பிரிந்தால் ஒரு தொட்டித் துணி முழுவதும் நாசம். அது பஞ்சைவிட மோசமாக ஒட்டும். தலையணை உறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இலவம் பஞ்சுத் தலையணையில் தையல் சற்று விட்டிருந்தாலும் உறைக்குள் பஞ்சு தேங்கியிருக்கும். மாடியில் நின்று உறையைத் திருப்பி நன்றாக உதறிவிட்டுத்தான் தண்ணீரில் போட வேண்டும். இலவம் பஞ்சில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருப்பதால் அது தண்ணீரில் மிதக்கும். மிதந்துகொண்டே எல்லாத் துணியிலும் படியும்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் புதிதாக மேலே திறக்கும் மிஷின் வாங்கியிருந்தார். சில மாதங்களில் எல்லாத் துணியிலும் பஞ்சு. பார்க்க வந்த மெக்கானிக் உள் தொட்டியையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா கலங்கிப்போய் என்னைக் கூப்பிட்டார். தொட்டியின் உட்சுவரில் பொருத்தியிருந்த பஞ்சு வடிகட்டியைக் கழற்றினேன். உள்ளே களிமண் போல இறுகிய பஞ்சு. அது நிரம்பிவிட்டால் அதற்கு மேல் எதையும் பிடிக்காது. பிடித்ததையும் திரும்பத் தண்ணீரில் விடும். வலையைத் திருப்பிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினோம். துண்டுகளைத் தனியாகப் போடச் சொன்னேன். தொட்டியை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

மேலே திறக்கும் மிஷின் என்றால் வடிகட்டி தொட்டியின் உட்சுவரில் இருக்கும். இரட்டைத் தொட்டி மிஷினில் சிறு வலைப்பையாகத் தொங்கும். முன்பக்கம் திறக்கும் மிஷினில் கீழே ஓரத்தில் சிறு கதவுக்குப் பின்னால் இருப்பது பம்ப்பைக் காக்கும் வடிகட்டி; நாணயமும் பொத்தானும் பஞ்சு உருண்டையும் அங்கே சேரும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் மடிப்பிலும் பஞ்சு தேங்கும். துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வலைப்பையை இரண்டு மூன்று துவைப்புக்கு ஒருமுறையும், பம்ப் வடிகட்டியை மாதம் ஒருமுறையும் சுத்தம் செய்தால் போதும். எடுத்த பஞ்சைச் சாக்கடையில் போடாதீர்கள், குழாயை அடைத்துவிடும்.

தொட்டியை நிறைத்துத் திணிப்பது இன்னொரு கேடு. முக்கால் பங்கு நிரம்பினால் போதும். துணிகளுக்கிடையே தண்ணீர் ஓடினால்தான் கழன்ற பஞ்சு தண்ணீரோடு வடிகட்டிக்குப் போகும். தண்ணீரை மிச்சப்படுத்துவதாக நினைத்து மட்டத்தைக் குறைத்தால் துணியோடு துணி உரசுவதுதான் மிஞ்சும். கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வரும்போது நான் துவைக்கும் நாட்களைக் குறைத்துக்கொள்வேன். தொட்டித் தண்ணீரைக் குறைக்க மாட்டேன்.

தண்ணீரின் குணத்தையும் பார்க்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை. எங்களைப் போல ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சோப்புக் கட்டியைத் தேய்த்தால் நுரைக்குப் பதில் வெள்ளைத் திரைபோல ஒன்று படியும். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் அந்தப் பிசுக்கு துணியில் படிந்தால் பஞ்சு அதில் பசையில் ஒட்டுவதுபோல ஒட்டிக்கொள்ளும். உப்புத் தண்ணீருக்குச் சோப்புக் கட்டியைவிடத் திரவச் சலவைச்சோப்பு மேல். அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. ஓர் அலசல் கூடுதலாக வைக்க வேண்டும். அடர்நிறத் துணிகளுக்குக் கடைசி அலசலில் 100 மில்லி அளவு வெள்ளை வினிகர் எப்போதாவது ஊற்றுவேன். அந்தப் பிசுக்கை அது கரைத்துவிடும். காய்ந்தபின் வாசனையும் இருக்காது. ஆனால் பிளீச்சிங் கலந்த தண்ணீரோடு வினிகரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

பிளீச்சிங்கைப் பற்றி இன்னொன்று. வெள்ளைப் பனியனையும் துண்டையும் பளிச்சென்று ஆக்க அடிக்கடி அதில் ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள். பருத்தி இழையையே அது அரித்துவிடும். சில மாதங்களில் துண்டு முறுக்கிழந்து கையில் தூளாக உதிரும். வெள்ளை வேண்டுமானால் வெயில் போதும். அதையும் நாள் முழுவதும் விட்டால் இழை வெந்துபோகும்; காய்ந்த உடனே எடுத்துவிட வேண்டும்.

காயவைக்கும் இடத்தில்தான் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்துக்கோ கழிவுப் பஞ்சு மில்லுக்கோ பக்கத்தில் குடியிருப்பவர்கள் என்னதான் பிரித்துத் துவைத்தாலும் கொடியில் போட்டபின் பஞ்சு வந்து உட்காரும். சன்னல் கம்பியிலும் முருங்கை இலையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் துணியிலும் படியும் என்று புரிந்துகொள்ளலாம். அத்தகைய இடத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து, வீட்டுக்கு மறுபுறம் கொடி கட்டுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்துதான் காற்று வீசும். மில் மேற்கே இருந்தால் அந்த மாதங்களில் அடர்நிறத் துணிகளை வீட்டுக்குள் காயப்போடுவதே நல்லது. மில் இல்லாத இடத்தில் அதே ஆடிக்காற்று பெரிய உதவி. துணியைக் கொடியில் போடும் முன் ஓரம் பிடித்து ஓங்கி உதறி, இரண்டு கவ்விகள் மாட்டிவிட்டால் மிச்சமிருக்கும் பஞ்சைக் காற்றே அடித்துக்கொண்டு போய்விடும். கம்பிக் கொடியையும் ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். போன வாரத்துத் துண்டின் பஞ்சு அதில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒட்டியிருந்தால்? எங்கள் மேசையில் செய்வதையே செய்யலாம். பெட்டி ஒட்டும் அகல டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி விரல்களில் சுற்றிக்கொண்டு, தேய்க்காமல் தட்டித் தட்டி எடுக்க வேண்டும். தேய்த்தால் துணியின் சொந்த இழையையும் டேப் பிடுங்கிவிடும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை நனைத்து, தண்ணீரை உதறிவிட்டு, மேலிருந்து கீழாக ஒரே திசையில் தடவினால் பஞ்சு உருண்டு திரண்டு வரும். பேண்டுக்கும் வெல்வெட்டுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது. எடுக்காமல் இஸ்திரி போட்டால் சூட்டில் அழுந்திய பஞ்சு நெசவுக்குள் புகுந்துவிடும், அதன்பின் டேப்பிலும் வராது.

டேப்பில் வராமல் துணியோடு இறுகப் பிடித்திருப்பது வேறு துணியின் பஞ்சு அல்ல, அதே துணியின் இழைகள் சுருண்டு உருண்டையானவை. பாலியஸ்டர் கலந்த பருத்தியில் இது அதிகம். பருத்தி மட்டும் என்றால் உருண்டை தானாக உதிர்ந்துவிடும், பாலியஸ்டர் இழை வலுவானது என்பதால் விடாமல் பிடித்துக்கொள்ளும். அதைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் கூடவே இன்னும் நான்கு இழை வெளியே வந்து அடுத்த உருண்டைக்கு இடம் தரும். துணியை மேசையில் இழுத்து விரித்து, உருண்டை வெட்டும் சிறு மின்கருவியால் மேலோட்டமாக ஓட்டி எடுக்கலாம். அது இல்லையென்றால் கூரான சிறு கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுக்க வேண்டியதுதான்.